இருவர் தங்கும் எடை குறைந்த கூடாரம்

இருவர் கூடாரம் என்பது முதுகுப்பையில் மடித்து எடுத்துச் சென்று, சேரும் இடத்தில் விரித்து, இரண்டு பேர் இரவு தங்குவதற்கான துணிக் குடில். பேச்சு வழக்கில் இது ‘டென்ட்’ எனப்படுகிறது. நடந்து செல்வோருக்கான கூடாரங்களில் இரண்டு கிலோவும் அதற்குக் கீழும் எடை உள்ளவை இலகுவானவையாகக் கருதப்படுகின்றன. மிக மெல்லிய துணியில் ஒரு கிலோ அளவிலும் கிடைக்கின்றன, விலை அதிகம். ஃபைபர்கிளாஸ் கம்பிகள் கொண்ட மலிவான வகைகள் இரண்டரை, மூன்று கிலோ வரை இருக்கும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் பயன்படுத்துவதற்காக வாங்குவோர் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. இங்கே முதலில் பார்க்க வேண்டியவை சாரலும் காற்றும்.

சாரலுக்கு ஏற்ற அமைப்பு

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இப்பகுதிக்குள் புகுந்து வீசுகிறது. குற்றாலச் சாரல் அதனோடு வருவதே. அது நேராக விழும் மழையன்று. காற்றோடு சாய்ந்து வரும் நுண்துளி. எனவே கூடாரத்தின் வெளித்துணி தரையை ஏறக்குறையத் தொடும் அளவுக்கு நாற்புறமும் இறங்கியிருக்க வேண்டும். மலிவான கூடாரங்கள் பலவற்றில் வெளித்துணி உச்சியில் மட்டும் தொப்பி போலக் கவிந்திருக்கும். மொட்டை மாடிக்கு அது போதும். சாரலில் பக்கவாட்டு வலை வழியாக நீர் உள்ளே வந்துவிடும். இழுத்துக் கட்டும் கயிறுகளும் முளைகளும் போதுமான எண்ணிக்கையில் உள்ளனவா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

‘மூன்று பருவக் கூடாரம்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது குளிர்நாடுகளின் வசந்தம், கோடை, இலையுதிர் காலங்களைக் குறிக்கும். நம் ஊர்ப் பருவமழைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அடுத்தது காற்றோட்டம். உறங்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இருவர் என்றால் அரை லிட்டர். குற்றால அடிவாரம் 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளதால் இரவில் கடுங்குளிர் இல்லை. ஆனால் சாரல் காலக் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஆவி துணியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து சொட்டுகிறது. இதைப் பலர் ‘டென்ட் ஒழுகுகிறது’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளே கொசுவலைச் சுவர், வெளியே மழைத்துணி, இடையில் ஒரு கையகல இடைவெளி என்ற இரட்டை அடுக்கு அமைப்பே இதற்குத் தக்கது. ஆவி வலையைக் கடந்து வெளித்துணியில் படிந்து கீழே வழியும். படுத்திருப்பவர் மேல் விழாது. ஒற்றை அடுக்குக் கூடாரம் சில நூறு கிராம் எடையைக் குறைக்கும். சாரல் காலத்தில் அந்தச் சேமிப்பு ஈரப் போர்வையாகத் திரும்பி வரும். கொசுவும் அட்டையும் உள்ள இடம் என்பதால் வலையும் ஜிப்பும் கிழிசலின்றி இருப்பது அவசியம்.

எண்களைப் படிக்கும் முறை

துணியின் மேல் ஒரு நீர்க்குழாயை நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் மறுபக்கம் துளிகள் கசிகின்றன என்று அளப்பார்கள். கூடாரத்தில் குறிக்கப்படும் 1500, 3000 போன்ற எண்கள் இவையே. மேல்துணிக்கு 1500 பொதுவாகப் போதும். தரைத்துணிக்கு 3000 நல்லது. ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது ஏற்படும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. இந்த எண் புதுத் துணிக்கு உரியது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து, நாற்றமெடுத்து உரிந்து போகும். வீடு திரும்பியதும் நிழலில் நன்கு உலர்த்தியே சுருட்ட வேண்டும்.

டீனியர் என்பது நூலின் கனத்தைக் குறிக்கும் அளவு: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டீனியர். 20 டீனியர் துணி இலகுவானது, ஆனால் முள்ளுக்குத் தாங்காது. நைலான் வலிமையானது என்றாலும் நனைந்தால் தொய்யும், நள்ளிரவில் எழுந்து கயிற்றை இறுக்க நேரும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்வதில்லை.

எடையிலும் இரண்டு கணக்குகள் உண்டு. துணியும் கம்பியும் மட்டும் சேர்ந்தது குறைந்தபட்ச எடை. முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்தது முழு எடை. சுமப்பவருக்கு வேண்டியது இரண்டாவதே. ஒருவர் துணியையும் மற்றவர் கம்பி, முளைகளையும் எடுத்துக்கொண்டால் இரண்டு கிலோ ஆளுக்கு ஒன்றாகிவிடும்.

இருவர் கூடாரங்களின் தரை அகலம் பெரும்பாலும் 130 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 51 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு படுக்கைகளுக்கு அது போதும், பைகளுக்கு இடமிராது. கடையிலேயே விரிக்கச் சொல்லி இருவரும் படுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடமும் அனுமதியும்

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி கூடாரம் அடிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதையும் ஒன்று. அது பகலில் போய்த் திரும்பும் நடை. இரவுத் தங்கலுக்கு, உரிமையாளர் இசைவு பெற்ற அடிவாரத் தோப்புகளையே நாட வேண்டும்.

ஓடைக்கரை மணல் சமதளமாக, படுக்க இதமாகத் தோன்றும். அங்கே கூடாரம் அடிக்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஓடையிலிருந்து விலகிய மேட்டில், பட்ட கிளைகளோ தென்னை மட்டைகளோ தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்து, வாயில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்குமாறு அமைக்க வேண்டும்.

விலங்கிடமிருந்து துணிச்சுவர் காப்பதில்லை. 2021 சனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடார விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் காட்டு யானை தாக்கி இறந்தார். யானை நடமாட்டம் உள்ளதா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டறிவது எந்தக் கூடாரத்தை வாங்குவது என்பதைவிட முக்கியம். பழம், தின்பண்டங்களைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மழை பெய்தாலும் அடுப்பை உள்ளே ஏற்றக் கூடாது. நைலான் நொடியில் உருகிப் பற்றும், மூடிய கூடாரத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும்.