லீஸ் தாளில் ஒளிந்திருந்த வட்டி

நியூஜெர்சி ஷோரூமில் உட்கார்ந்ததும் விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி: "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" நான் வாயைத் திறக்கவில்லை. அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் அதற்குத் தோதாக மடக்கிவிடுவார்கள். பதிலுக்குக் காரின் விலையைக் கேட்டேன்.

லீஸ் என்பது, கார் நம் கையில் தேய்வதற்குக் கட்டும் வாடகை. 36,000 டாலர் கார், மூன்று வருடம் கழித்து 21,600 பெறும் என்று நிதி நிறுவனம் குறித்திருந்தது. அதில் பேரம் கிடையாது. இடையிலுள்ள 14,400-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் 400. தாளில் இருந்ததோ 544!

மிச்சம் 144-ம் வட்டி. அதைச் சதவீதமாக எழுதாமல் 'மணி ஃபேக்டர்' 0.0025 என்று போடுகிறார்கள். பார்த்தால் தூசு மாதிரி இருக்கும். 2,400-ஆல் பெருக்குங்கள், 6 சதவீதம். இதில் டீலர் தன் பங்கையும் ஏற்றி வைப்பதுண்டு. வாய்விட்டுக் கேட்டால்தான் இறங்கும். எனக்கு 0.002 ஆனது. விலையிலும் 2,000 குறைந்தது. வரி சேர்க்காமல் தவணை 456.

"கொஞ்சம் முன்பணம் கட்டினால் இன்னும் குறையுமே" என்றார். மாட்டேன் என்றேன். மறுநாளே வண்டி விபத்தில் நொறுங்கினால், அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது.