மேஜை மேல் ஓடும் செங்கல்பட்டு ரெயில்!

மாமல்லபுரத்துக்கு ரெயில் கிடையாது. ரெயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்துத்தான் கடற்கரைக்குப் போகவேண்டும்.

ஆனால், "மாதிரி" செய்யும் வேலையில் மாமல்லபுரத்தை மிஞ்ச முடியுமா? அங்குள்ள 5 ரதங்களும் 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையில் செதுக்கியவை. திரவுபதி ரதத்தைப் பாருங்கள். கூரை வேய்ந்த குடிசை ஒன்று அப்படியே கல்லாக நிற்கிறது. அந்தக் காலத்து ஓலைக் குடிசைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கல்லில் செய்த மாதிரி மட்டும் மிச்சம்!

ரெயிலிலும் இதே கதைதான்.

மறைந்த ரெயில்

சென்னை கடற்கரையில் இருந்து செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் பாதை இருந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி. 1960-களில் ஜப்பானில் இருந்து "ஒய்.ஏ.எம்.-1" என்ற மின்சார என்ஜின்கள் வந்தன. இந்தியாவில் மீட்டர்கேஜில் மின்சார ரெயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். வேறு எங்கும் இல்லை.

பிறகு அகலப்பாதை வந்தது. 2004-ம் ஆண்டில் கடற்கரை-தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரெயிலும் நின்றது.

கொளவாய் ஏரியை ஒட்டி அந்த ரெயில் மறுபடியும் ஓடவேண்டுமானால், அதற்கு ஒரே இடம்தான் உண்டு. வீட்டு மேஜை!

87-ல் ஒரு பங்கு

பொம்மைதானே என்று சிரிக்கவேண்டாம். ஜெர்மனியின் மார்க்ளின் கம்பெனி, சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் ரெயிலை 1891-ம் ஆண்டிலேயே லைப்சிக் சந்தையில் வைத்தது. இன்று பெரியவர்கள்தான் இதற்கு அதிகம் அடிமை!

பலரும் கையாளும் அளவுக்கு "எச்.ஓ." என்று பெயர். உண்மை ரெயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. சக்கரம் அதை வாங்கி, உள்ளே இருக்கும் சிறு மோட்டாருக்குக் கொடுக்கிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால், ரெயில் பின்னால் போகும்.

பெரம்பூர் ஐ.சி.எப்.பில் தயாரான பழைய ரகப் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். மாதிரியில் அது 24½ சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்து ஸ்கேலைவிடக் கொஞ்சம் சின்னது. இப்படி 20 பெட்டி கோத்தால் 5 மீட்டர் வந்துவிடும். எந்த வீட்டுக் கூடத்தில் அது திரும்பும்? ஆகவே 5 பெட்டி, 6 பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16½ மில்லிமீட்டர். அது ஐரோப்பிய ரெயிலுக்குச் சரி. நமது அகலப்பாதை ரெயிலுக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் அந்தத் தண்டவாளத்தில் ஏறும் நம் ரெயில், குண்டு மனிதருக்குக் குச்சிக்கால் முளைத்தது போல இருக்கும்!

மீட்டர்கேஜ் கணக்கு என்ன? 11½ மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரெயில்களும் மீட்டர்கேஜ் என்பதால், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனைக்கு உண்டு. ஓடுகிற ரெயிலுக்குப் பொருந்தாத தண்டவாளம், நின்றுபோன செங்கல்பட்டு ரெயிலுக்குப் பொருந்துகிறது!

அட்டை போதும்

செலவுதான் பயமுறுத்துகிறது. வெளிநாட்டு என்ஜின் ஒன்று பல ஆயிரம் ரூபாய். முதல் நாளே அதை வாங்க வேண்டியதில்லை. தடித்த அட்டை, பசை, ஐஸ் குச்சி, கொஞ்சம் பெயிண்ட் இருந்தால் ரெயில் நிலையமும் பெட்டிகளும் செய்யலாம். ஏரிக்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். ஆனால் அளவு பிசகக்கூடாது. கதவு பெரிதாகிவிட்டால் ரெயில், தீப்பெட்டி ஆகிவிடும்.

நன்றாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதைப் புனேயில் காணலாம். அங்கு பாவ் ஜோஷி என்பவர், சிறு வயது முதல் இருந்த ஆசையில், ஒரு குட்டி ரெயில் உலகத்தையே உருவாக்கினார். 1998-ம் ஆண்டில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, சென்னை ஐ.சி.எப். அருகே ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஒய்.ஏ.எம்.-1 என்ஜினை நினைத்தவுடன் கடையில் வாங்கிவிட முடியாது. போட்டோவைப் பார்த்து அளவு போட்டுத்தான் செய்யவேண்டும்.  ஜன்னலுக்கு எந்தக் கம்பி, ஊதல் எப்படி ஒலிக்கும் என்பதை எல்லாம் அதை ஓட்டியவர்களையும், நடைமேடையில் காத்து நின்றவர்களையும் கேட்கலாம். அவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.