கேட் தேர்வுக்கு முன்னால் ஒரு தாசில்தார் கையெழுத்து

ஐஐஎம்மில் எம்பிஏ படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நவம்பர் கடைசியில் வரும் கேட் தேர்வுதான் பெரிய பயம். ஆங்கில வாசிப்பு, தரவு அலசல், கணக்கு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை அடுத்ததற்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சறுக்கும் இடம் அதற்கு முன்பே, ஆகஸ்டில் தொடங்கும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது.

அகமதாபாத், பெங்களூரு போன்ற இடங்களில் நேர்காணலுக்கு அழைக்கும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்கிறார்கள். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தானதால், நம் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு மதிப்பெண்ணே இல்லாமல் 'தேர்ச்சி' என்றுதான் சான்றிதழ் வந்தது. அந்த ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி விளக்கம் பெறுவது நல்லது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்குப் போதும். ஐஐஎம்மில் 27 சதவீத ஓபிசி இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. அங்கே கேட்பது 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தார் தரும் சான்றிதழ். மாநில இடஒதுக்கீட்டில் அந்த வடிகட்டல் இல்லாததால், பல வீடுகளில் அந்தச் சொல்லே புதிது. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். விவசாய வருமானம் அதில் சேராது என்பது தெரியாமல் உரிமையையே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதிகள் எல்லாம் மத்தியப் பட்டியலில் இல்லை; அதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பதிவின்போது பொதுப்பிரிவு என்று குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. போன வருடச் சான்றிதழை நம்பவும் கூடாது; நடப்பு நிதியாண்டில் வாங்கியது வேண்டும். அதனால் ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கைக்கு வந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால், திருத்துவதற்கு அப்போது கையில் நான்கு மாதம் இருக்கும்.