கொன்றது யார்? ஒரு கோடு சொல்லும்!

ஸ்பானிஷ் மொழியில் 'மாதோ' என்று ஒரு வார்த்தை. 'மா'வை ஓங்கிச் சொன்னால், "நான் கொல்கிறேன்" என்று அர்த்தம். 'தோ'வை ஓங்கிச் சொன்னால், "அவன் கொன்றான்"! இரண்டுக்கும் அதே நாலு எழுத்துதான். இரண்டாவதில் மட்டும் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு. போலீஸ் வாக்குமூலத்தில் அந்தக் கோடு விட்டுப்போனால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

கடன் விவகாரமும் இப்படித்தான். 'பாகோ' என்பதை முன்னால் அழுத்தினால், "பணம் கட்டுகிறேன்". பின்னால் அழுத்தினால், "அவன் பணம் கட்டினான்".

வெட்டுவது எப்படி?

அழுத்தத்தைப் பிடிக்க, முதலில் வார்த்தையை அசை அசையாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு அசையிலும் உயிர் ஒலி கட்டாயம். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால், அது பின்னால் உள்ள உயிரோடு ஒட்டிக்கொள்ளும்: கா-சா. வீடு என்று அர்த்தம். இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகும்: கார்-தா. இது கடிதம். ஆனால் 'த்ர', 'ப்ல' மாதிரி ஜோடிகளைப் பிரிக்கக் கூடாது. அப்பாவுக்கு பா-த்ரே.

'இ', 'உ' இரண்டும் பக்கத்து உயிரோடு கலந்து ஒரே அசையாகிவிடும். ஆனால் தலையில் கோடு விழுந்தால் தனியே நிற்கும்: மா-ரீ-ஆ.

அழுத்தம் எங்கே?

வார்த்தை உயிரிலோ, 'என்', 'எஸ்' எழுத்திலோ முடிந்தால், கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். மாட்ரிட் நகரத்தை அந்த ஊர்க்காரர்கள் மா-த்ரித் என்று பின்பக்கம் அழுத்திச் சொல்வது இதனால்தான். இந்தச் சட்டத்தை மீறுகிற வார்த்தைக்கு தலையில் கோடு! 'கொன்றான்' மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். உயிரில் முடிந்தும் அழுத்தம் கடைசியில் விழுகிறதே!

பெரிய எழுத்தில் அச்சடித்தால் கோடு தேவையில்லை என்று அங்கே பலர் ரொம்ப நாளாக நம்பி வந்தார்கள். அது தப்பு, அப்படி ஒரு விதி எப்போதும் இருந்ததில்லை என்கிறது 1713-ல் தொடங்கிய ஸ்பெயின் ராயல் அகாடமி.

நியாயம்தானே! கொலைச் செய்திக்குக் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, கோட்டை மறந்துவிட்டால்? கொலைகாரன் தப்பித்துவிடுவான். மாட்டிக்கொள்வது செய்தி எழுதின நிருபர்தான்!