ஏன் இரண்டு பஸ் ஒண்டா வருது?



இந்தக் கிழமை எபிசோடில் நகரப் போக்குவரத்தைப் பற்றிக் கதைத்தோம். பேச்சில சொல்லி விளங்கப்படுத்த முடியாத கணக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருக்கிறது ஸ்காபரோவில். அதனால் உதாரணம் பெரும்பாலும் ரொறன்ரோவில் இருந்துதான் வரும். லண்டன், பாரிஸ், சிட்னியில் இருந்து வாசிக்கிறவர்கள் உங்கட பஸ் நம்பரைப் போட்டு வாசியுங்கோ. விசயம் ஒண்டுதான்.

கேள்வி இது. பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் எண்டு அட்டவணையில் போட்டிருக்கு. இருபது நிமிசம் நிண்ட பிறகு இரண்டு பஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருது. முன்னுக்கு வாற பஸ்சில் கால் வைக்க இடமில்லை. பின்னுக்கு வாறதில் பாதி சீற் காலி. உலகத்தில் பஸ் ஓடுற எல்லா நகரத்திலும் இதைப் பார்க்கலாம். ஏன் இப்படி நடக்குது, அதை என்ன செய்யலாம்?

வரைபடத்தில ஓடின ரெயின்கள்

ஸ்காபரோவில் போக்குவரத்து எண்டு வாய் திறந்தால் பேச்சு உடனே ரெயினுக்குப் போய்விடும். அதுக்குக் காரணம் இருக்கு. 1985-இல் கென்னடியில் இருந்து மக்கோவன் வரை ஆறு நிலையங்களோடு ஸ்காபரோ ஆர்.ரி. ஓடத் தொடங்கியது. லீனியர் இன்டக்ஷன் மோட்டரில் ஓடுற ரெயின், அந்தக் காலத்தில் புதுத் தொழில்நுட்பம். அதே தொழில்நுட்பத்தில், அதே காலத்தில் தொடங்கிய வான்கூவரின் ஸ்கைரெயின் வளர்ந்துகொண்டே போனது. எங்கட பாதை ஒரு நிலையம்கூடக் கூடவில்லை. 2023 ஜூலை 24 அன்று கடைசிப் பெட்டி தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதோடு அந்த ரெயின் நிரந்தரமாக நிண்டுவிட்டது. இப்ப அதுக்குப் பதிலாக ஓடுறதும் பஸ்தான்.

அடுத்த ரெயினுக்கான திட்டங்களின் கதை இன்னும் நீளம். 2007-இல் எல்.ஆர்.ரி. வரும் எண்டார்கள். 2010-இல் மேயர் மாறினதும் அது ரத்து. 2012-இல் நகரசபை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2013-இல் எல்.ஆர்.ரி. வேண்டாம், மூன்று நிலையத்தோடு சப்வே எண்டு வாக்களித்தது. 2016-இல் அது ஒரு நிலையமாகச் சுருங்கியது. 2019-இல் மாகாண அரசு அதைத் திரும்ப மூன்றாக்கியது. இப்போது 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு வேலை நடக்குது. நல்லது, வரட்டும். ஆனால் 2007-இல் பிறந்த பிள்ளை இப்போது யூனிவேர்சிற்றிக்குப் போற வயசு. அந்தப் பிள்ளை போனதும் வந்ததும் பஸ்சில்தான்.

அதனால் நான் இங்கே ரெயினைப் பற்றி எழுதப் போறதில்லை. இப்போது வீதியில் ஓடுற அதே பஸ்களை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் எண்டதுதான் விசயம்.

ஒரு சின்னக் கணக்கு

பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் சரியான இடைவெளியில் வந்தால், நீங்கள் எந்த நேரம் போய் நிண்டாலும் சராசரியாக 5 நிமிசம் காத்திருப்பீர்கள். அதே பஸ்கள், அதே சாரதிகள், அதே எரிபொருள். ஆனால் இரண்டு இரண்டாகச் சேர்ந்து 20 நிமிசத்துக்கு ஒருக்கா வந்தால் சராசரி 10 நிமிசம். ஒரு பஸ்சும் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு.

முழுசாகச் சேராமல் 18 நிமிச இடைவெளி, பிறகு 2 நிமிச இடைவெளி எண்டு வந்தாலும் கதை பெரிதாக மாறாது. ஸ்ரொப்புக்கு வாற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிசத்துக்குள்தான் வந்து மாட்டுவார்கள். ஒன்பது பேரும் முதல் பஸ்சில் நெரிபடுவார்கள். ஒருவர் மட்டும் இரண்டாவது பஸ்சில் ராசா மாதிரி இருந்து போவார். பஸ் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு ‘ஒரு பஸ்சுக்குச் சராசரி ஐந்து பேர், இடம் தாராளமா இருக்கு’ எண்டு தெரியும். சனத்திட்ட கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ‘இடமே இல்லை’ எண்டுதான் சொல்லுவினம். இரண்டும் உண்மை.

இந்த நிமிசங்கள் யாருடைய நிமிசங்கள்? என்ர அம்மா கனகாலம் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போனவ. ஷிஃப்ற் தொடங்குற நேரத்துக்கு மெஷினுக்கு முன்னால நிற்க வேண்டும். அதனால் எப்பவும் தேவையான நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவா. ‘பிந்திப் போய்ப் பேச்சு வாங்கிறதை விட முந்திப் போய்க் குளிரில நிக்கலாம்’ எண்டு சொல்லுவா. உங்கட வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். ஒவ்வொரு பஸ்சுக்கும் 5 நிமிசம் கூடக் காத்திருந்தால், போக இரண்டு, வர இரண்டு எண்டு ஒரு நாளைக்கு 20 நிமிசம். வருசத்தில் 240 வேலை நாள் எண்டால் 80 மணித்தியாலம். அதாவது இரண்டு முழு வேலைக் கிழமை. அதுக்குச் சம்பளம் இல்லை.

பஸ்கள் ஏன் சேருது?

இது சாரதிகளின் பிழை இல்லை. கணிதம் அப்படி. ஒரு பஸ் சிக்னலில் மாட்டி ஒரு நிமிசம் பிந்துது எண்டு வையுங்கோ. அடுத்த ஸ்ரொப்பில் அந்த ஒரு நிமிசத்தில் இன்னும் கொஞ்சப் பேர் வந்து நிற்பார்கள். அவர்கள் ஏற நேரம் எடுக்கும், பஸ் இன்னும் பிந்தும். அதுக்கடுத்த ஸ்ரொப்பில் இன்னும் கூடப் பேர். பின்னால வாற பஸ்சுக்கோ ஏற்ற ஆளில்லை, அது வேகமாக வந்து முன்னுக்குப் போறதைப் பிடித்துவிடும். கோட் எழுதுறவர்களுக்குத் தெரியும், இது பொசிற்றிவ் ஃபீட்பேக் லூப். சின்னப் பிழை தானாகவே பெருகும். 1964-லேயே நியூவெல், பொட்ஸ் எண்ட இரண்டு கணித ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். பஸ்களை அப்படியே விட்டால் அவை சேரத்தான் செய்யும். சேராமல் வைத்திருக்க யாராவது ஒவ்வொரு நாளும் வேலை செய்ய வேண்டும்.

எதை அளக்கிறோம்?

இங்கேதான் முக்கியமான இடம். ரொறன்ரோவில் ரி.ரி.சி. பல வருசமாக ‘நேரத்துக்கு’ எண்டு சொன்னது இதைத்தான்: தொடங்குற நிலையத்தில் இருந்து, அட்டவணைக்கு ஒரு நிமிசத்துக்குள் முந்தியோ ஐந்து நிமிசம் வரை பிந்தியோ வெளிக்கிட்டால் அந்த பஸ் நேரத்துக்கு ஓடினதாகக் கணக்கு.

8:00, 8:10, 8:20 எண்டு மூன்று பஸ் போக வேண்டும். அவை 8:00, 8:15, 8:20-க்கு வெளிக்கிட்டன எண்டு வையுங்கோ. மூன்றும் ‘நேரத்துக்கு’ப் போய்விட்டன, நூற்றுக்கு நூறு. ஆனால் இடைவெளி 15 நிமிசமும் 5 நிமிசமும். தொடக்கத்திலேயே இவ்வளவு வித்தியாசம் இருந்தால், பத்துக் கிலோமீற்றர் தள்ளி மூன்றாவது பஸ் இரண்டாவதைப் பிடித்துவிடும். அறிக்கையில் அது தெரியாது.

லண்டனில் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். மணித்தியாலத்துக்கு ஐந்து பஸ்சோ அதுக்கு மேலயோ ஓடுற வழித்தடங்களில் அட்டவணை நேரத்தைப் பார்க்கிறதில்லை. சனம் உண்மையில் காத்திருந்த சராசரி நேரத்தில் இருந்து, பஸ்கள் ஒழுங்காக வந்திருந்தால் காத்திருந்திருக்கும் நேரத்தைக் கழிக்கிறார்கள். அந்தக் ‘கூடுதல் காத்திருப்பு’தான் மதிப்பெண். பஸ் ஓட்டுறது தனியார் கம்பனிகள், அந்த மதிப்பெண்ணைப் பொறுத்து அவர்களுக்குப் போனஸ் கிடைக்கும், இல்லாவிட்டால் பணம் வெட்டுவார்கள். அதனால் அங்கே கண்ட்ரோல் ரூமில் இருக்கிறவருக்கு இடைவெளியைக் கவனிக்கிறதுதான் வேலை.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, அளவுகோலை மாத்த வேண்டும். அடிக்கடி ஓடுற வழித்தடங்களில் ‘நேரத்துக்கு வெளிக்கிட்டதா’ எண்டதை விட்டு ‘இடைவெளி எவ்வளவு’ எண்டு நடு ஸ்ரொப்புகளில் அளக்க வேண்டும். 2025-இல் ரி.ரி.சி. சில வழித்தடங்களில் பஸ்கள் சேருறதைக் குறைக்க ஒரு பரிசோதனை தொடங்கியது. நல்ல தொடக்கம், அது எல்லா வழித்தடத்துக்கும் வர வேண்டும்.

இரண்டாவது, பஸ்சை இடைவெளி பார்த்து விட வேண்டும். ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகத்தில் பார்த்தோல்டி எண்ட ஆய்வாளரும் ஐசன்ஸ்ரைன் எண்ட சக ஆய்வாளரும் 2012-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள், அந்த வளாகத்துப் பஸ்சிலேயே ஓட்டியும் பார்த்தார்கள். அட்டவணை இல்லை. ஒவ்வொரு பஸ்சும் ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்கு வந்ததும், பின்னால வாற பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கு எண்டு பார்த்து அதுக்கேற்ற அளவு நேரம் நிற்கும். பின்னால தூரம் கூட எண்டால் கொஞ்சம் கூட நிற்கும். இவ்வளவுதான் அல்கொரிதம். இடைவெளிகள் தாங்களாகவே சமனாகும். பஸ்சுக்குள் இருக்கிறவர்களுக்கு ‘ஏன் சும்மா நிக்குது?’ எண்டு கோபம் வரும், அது நியாயம். அதுக்கு இரண்டு விசயம் வேணும். நிறுத்துற நேரம் சிறிதாக இருக்க வேண்டும், ஏன் நிக்குது எண்டு அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, பெயின்ற். 2020 ஒக்ரோபரில் எக்லின்ரன் கிழக்கு, கிங்ஸ்ரன் வீதி, மோர்னிங்சைட் வழியாக ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகம் வரை 8.5 கிலோமீற்றருக்குச் சிவப்பு பஸ் லேன் வந்தது. சுரங்கம் தோண்டவில்லை. நகர மத்தியில் கிங் வீதியில் 2017 நவம்பரில் கார்கள் நேராகப் போறதைத் தடுத்தார்கள், நாளாந்தப் பயணிகள் 72,000-இல் இருந்து 84,000 ஆனார்கள், 2019-இல் அது நிரந்தரமானது. இதில ஒரு எச்சரிக்கை: பொலிசோ கமராவோ பார்க்காத லேன், கொஞ்ச நாளில் கார் பார்க்கிங் ஆகிவிடும்.

நான்காவது, சிக்னல். பஸ் வருது எண்டால் பச்சையைச் சில செக்கன் நீட்டுற வசதி புதுசில்லை. ஆனால் சேர்ந்து வாற இரண்டாவது பஸ்சுக்கும் பச்சை கொடுத்தால் நிலமை இன்னும் மோசமாகும். பிந்தின பஸ்சுக்கு மட்டும், முன்னுக்கு இடைவெளி கூடின பஸ்சுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அதுக்கு சிக்னலும் பஸ்சும் ஒரே தரவைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பின்கதவு. சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் இருந்து எல்லாக் கதவாலும் ஏறலாம். ரொறன்ரோவிலும் கொரோனா தொடங்கின நேரம் பின்கதவால்தான் ஏறினோம். ஒரே கதவில் வரிசை நிண்டால் அந்த ஃபீட்பேக் லூப்புக்கு நாங்களே தீனி போடுறோம்.

உங்கட லாப்ரொப்பில் இருந்து

பஸ் தரவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. 2005-இல் போர்ட்லன்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகிளும் சேர்ந்து அட்டவணையைப் பகிர ஒரு பொது வடிவத்தை உருவாக்கினார்கள். அதுதான் இண்டைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற ஜி.ரி.எஃப்.எஸ். ரொறன்ரோவின் அட்டவணைத் தரவை நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் இறக்கலாம். பஸ் இப்போது எங்கே நிக்குது எண்ட நேரடித் தரவும் கிடைக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அட்டவணையை மட்டும் நம்புற ஆப்பில்தான் வராத ‘பேய் பஸ்’ தெரியும்.

பைதன் கொஞ்சம் தெரிந்தால் போதும். உங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு ஸ்ரொப்பை எடுங்கோ. காலை 6 மணியில் இருந்து 9 மணி வரை, இரண்டு கிழமை, பஸ் கடந்து போற நேரத்தைப் பதியுங்கோ. இடைவெளிகளை எழுதுங்கோ. ஒவ்வொரு இடைவெளியையும் அதாலேயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, மொத்த நேரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் சனம் காத்திருந்த சராசரி நேரம் வரும். அட்டவணைப்படி வந்திருந்தால் எவ்வளவு எண்டு பக்கத்தில் போடுங்கோ. ஒரு பக்கத்துக்கு மேல தேவையில்லை.

அந்த ஒரு பக்கத்தோடு ரி.ரி.சி. நிர்வாகசபைக் கூட்டத்துக்குப் போகலாம். பொதுமக்கள் பதிவு செய்து அங்கே பேச முடியும். உங்கட வட்டாரக் கவுன்சிலருக்கும் அனுப்புங்கோ. ‘பஸ் சரியில்லை’ எண்டு சொன்னால் தலையாட்டுவார்கள். ‘இந்த ஸ்ரொப்பில் சனம் அட்டவணையை விட இத்தனை நிமிசம் கூடக் காத்திருக்குது, உங்கட அறிக்கையில் அது ஏன் இல்லை?’ எண்டு கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். அம்மா அப்பாக்களுக்கு ஷிஃப்ற்றுக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது, கூட்டத்துக்குப் போக ஏலாமல் போனது. எங்களுக்கு மொழியும் தெரியும், கோட்டும் தெரியும்.

செய்து பார்த்தவர்கள் உங்கட ஸ்ரொப்பின் கணக்கை எங்களுக்கு அனுப்புங்கோ. எந்த நகரமாக இருந்தாலும் பரவாயில்லை. வந்ததை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு எபிசோடில் பார்ப்போம்.

அடுத்த கிழமை சந்திப்போம்.