விலையும் மதிப்பும்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைக் கொங்கு நாட்டார் நன்கு அறிவர். உழவர் கொணர்ந்த மஞ்சளின் மாதிரியை வணிகர் கையில் எடுத்துப் பார்ப்பர். நிறத்தையும் தரத்தையும் ஆராய்வர். அதன் பின்னரே விலை குறிப்பர். மிகுதியான விலை தருபவருக்கே சரக்கு உரியதாகும். மஞ்சளைப் போலவே ஓவியங்களும் ஏலத்திற்கு வருவதுண்டு. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உளது. விற்ற மஞ்சள் மறு ஆண்டும் விளையும். மறைந்த ஓவியனின் கையோ மீண்டும் தீட்டாது.

ஓவியர் இரவிவர்மா 1848ஆம் ஆண்டு கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தார். 1906ஆம் ஆண்டு மறைந்தார். மேனாட்டாரின் எண்ணெய் வண்ண முறையைக் கற்று, அம்முறையில் நம் நாட்டுப் புராணக் காட்சிகளைத் தீட்டியவர் அவர். அவருடைய ‘யசோதையும் கண்ணனும்’ என்னும் ஓவியம் 2023ஆம் ஆண்டு மும்பையில் ஏலத்திற்கு வந்தது. யசோதை பசுவிடம் பால் கறக்கின்றாள். கண்ணன் பால் வேண்டிக் கையில் கிண்ணத்துடன் அவள் பின்னே நிற்கின்றான். ஆனிரை மல்கிய கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நாள்தோறும் காணும் காட்சியன்றோ இது! அவ்வோவியம் 38 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று.

இத்துணைப் பெரிய விலை எதற்கு? துணிக்கும் வண்ணத்திற்கும் அன்று. வரைந்தவர் யார் என்பது முதலில் நோக்கப்படும். அவர் கைப்பட வரைந்ததே என்பதற்குச் சான்று வேண்டும். யார் யாரிடம் இருந்து, எவ்வாறு கைமாறி வந்தது என்னும் வரலாறு தெளிவாதல் வேண்டும். சிதைவின்றி இருத்தலும், அது போன்றவை அரியனவாக இருத்தலும் விலையை உயர்த்தும்.

வண்ணமே இல்லாத கோட்டோவியமும் பெருவிலை பெறுவதுண்டு. இத்தாலிய ஓவியர் இராபேல், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், வாத்திகன் அரண்மனையில் ஒரு சுவரோவியம் தீட்டினார். அதற்கு முன்னோடியாக, கிரேக்கப் புராணம் கூறும் கலைத் தெய்வமகளிர் ஒன்பதின்மருள் ஒருத்தியின் தலையைக் கறுப்புச் சுண்ணக்கட்டியால் தாளில் வரைந்தார். ஏறக்குறைய ஒரு சாண் அகலமே உடைய அத்தாள், 2009ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் 2 கோடியே 91 இலட்சம் பவுண்டு விலை பெற்றது. முடிந்த ஓவியம் கலைஞனின் வெற்றியைக் காட்டும். கோட்டோவியமோ அவனுடைய எண்ணம் உருப்பெறும் வழியையே காட்டும். அதனாற்றான் அதற்கு அத்துணைச் சிறப்பு.

அங்ஙனமாயின், கலை செல்வர்க்கு மட்டுமே உரியதோ? அன்று. இரவிவர்மா 1894ஆம் ஆண்டு மும்பையில் அச்சகம் ஒன்றை நிறுவினார். அங்கு அச்சான அவருடைய படங்கள் எளியோர் இல்லங்களிலும் இடம்பெற்றன. மேலும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் அவருடைய ஓவியங்கள் 1979ஆம் ஆண்டு கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. நாட்டில் உள்ள அவருடைய ஓவியங்களை உள்நாட்டில் விற்கலாம். தனியார் அவற்றை அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் ஆகாது. எனினும், வாங்கியவர் தம் இல்லத்தில் பூட்டி வைப்பின் மக்கள் அவற்றைக் காண்பது எங்ஙனம்? சட்டம் ஓவியத்தை நாட்டில் நிறுத்தும். காட்சிக்கு வைப்பதோ உடையவரின் பெருந்தன்மையைப் பொறுத்ததாகும்.

இனி, ஏலத்தில் வாங்கிய பொருளெல்லாம் வாங்கியவருக்கே உரியதாகிவிடுமோ? ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்றை 1967ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் வாங்கியது. அத்திருமேனி 1957ஆம் ஆண்டில் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் இருந்தமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம் ஒன்று பின்னர்ப் புலப்படுத்தியது. அதனை இந்தியாவிற்குத் திருப்பி அளிக்க 2024ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் இசைந்தது. ஏலக்கூடத்துச் சுத்தியல் விலையை முடிவு செய்யும். உரிமையை முடிவு செய்வது உண்மையே ஆகும். அவ்வுண்மையைக் காத்தது ஒரு சிறு புகைப்படம்!

விலை கூற இயலாத கலைச்செல்வங்கள் கொங்கு நாட்டிலும் உள. கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றங்கரையில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் விளங்குகின்றது. அதன் கனகசபைத் தூண் ஒன்றில், யானையை உரித்துத் தோலைப் போர்த்த சிவபெருமானைச் சிற்பி கல்லிலே வடித்துள்ளான். கோடி ரூபாய் உடையவனும் கூலிக்கு உழைப்பவனும் அத்தூணின் முன் ஒருங்கே நின்று காணலாம். அதற்கு ஏலமில்லை, கட்டணமில்லை, உடையவர் என்று தனி ஒருவரும் இல்லை.

பொதுவான பொருளைக் காக்கும் கடமையும் பொதுவே. தத்தம் ஊர்க் கோயிலில் என்னென்ன சிற்பங்களும் திருமேனிகளும் உள்ளன என்று மாணவர்கள் அறிந்து குறித்து வைத்தல் நன்று. தூணிலும் சுவரிலும் பெயர் கீறாதிருத்தல் அதனினும் நன்று. ஒரு பொருளுக்கு விலை தருவோர் சிலரே. அதன் மதிப்பை அறிந்து காத்தல் அனைவர்க்கும் இயலும்.