ஆர்லாண்டோவின் வழக்கு

வர்ஜீனியா உல்ஃப் அம்மையார் இயற்றிய 'ஆர்லாண்டோ' என்னும் ஆங்கில நாவலை நாம் மறுபடியும் வாசித்து முடித்தோம். 1928-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி லண்டனில் வெளிவந்த நூல் அது. முன்பு அதன் விநோதங்களே நம் மனத்தைக் கவர்ந்தன. இம்முறை அதில் வரும் வழக்கு நம்மைப் பிடித்து நிறுத்திவிட்டது.

கதை அறியாத நேயர்களுக்குச் சுருங்கச் சொல்வோம். எலிஸபெத் ராணியின் காலத்தில் 16 வயதுப் பிரபு குமாரனாகத் தோன்றும் ஆர்லாண்டோ, 300 ஆண்டுகளுக்கு மேல் ஜீவித்திருந்தும் மூப்பெய்துவதில்லை. இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஸ்தானாபதியாகக் கான்ஸ்டாண்டிநோபிளில் இருக்கையில், 7 நாள் உறங்கி, ஸ்திரீயாக விழித்தெழுகிறான். சாபமில்லை, வரமில்லை, மந்திர தந்திரமும் இல்லை. நமது சிகண்டியின் கதையிலாவது பழிதீர்க்கும் விரதம் ஒன்று உண்டு. இங்கே அதுவும் கிடையாது. உடல் மாறிற்று, ஆள் மாறவில்லை என்ற அளவில் ஆசிரியை சாந்தமாகக் கூறிவிட்டு மேலே நடக்கிறார். இந்தச் சாந்தத்தை நாம் பெரிதும் போற்றுகிறோம். இரக்கம் காட்டுகிறேன் பேர்வழி என்று பாத்திரத்தை அழவைத்துப் பக்கம் நிரப்பும் ஆசிரியர்கள் எத்தனை பேர்!

ஆர்லாண்டோ தாய்நாடு திரும்புகிறாள். வேட்டை நாய் அவள்மீது பாய்ந்து குலாவுகிறது. தோட்டத்து மான்கள் அவளை அறிந்துகொள்கின்றன. வேலைக்காரர்களில் ஒருவரேனும் தம் எஜமானர் இவரல்லவென்று க்ஷணமும் ஐயுறவில்லை. ஐயுற்றது சட்டம் ஒன்றே! அவள்மீது தொடுத்த வியாஜ்யங்களில் முதலாவது, அவள் இறந்து போனவள், ஆகையால் ஆஸ்திக்கு உரியவளல்லள் என்பது. இரண்டாவது, அவள் ஸ்திரீ என்பது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார் ஆசிரியை. மூன்றாவது, அவள் ஒரு நடனமாதை மணந்து மூன்று புதல்வரைப் பெற்ற ஆண் என்பது! தீர்ப்பு எப்போது வந்தது? தலைமுறைகள் பல கழிந்து, விக்டோரியா ராணியின் ஆட்சியில். அவள் ஸ்திரீயே என்று நீதி ஸ்தலம் ஒப்புக்கொண்டது. அதற்குள் வழக்குச் செலவு அவளைத் தரித்திரமாக்கிவிட்டது. அதுவரை தன் வீட்டிலேயே, உயிருள்ளவளா இல்லாதவளா, ஆணா பெண்ணா என்று முடிவாகாதவளாக அவள் வாசம் செய்திருந்தாள். நகைக்கும்படியாகத்தான் எழுதியிருக்கிறார், நமக்கோ நகைப்பு பாதியில் நின்றுவிட்டது.

இது வெறுங் கற்பனையுமன்று. ஆசிரியை இந்நூலைத் தம் சிநேகிதி விட்டா ஸாக்வில்-வெஸ்ட் அம்மையாரை மனத்திற்கொண்டே எழுதினார். கெண்ட் ஜில்லாவிலுள்ள நோல் என்னும் மாளிகை விட்டாவின் குடும்ப ஆஸ்தி. 1928 ஜனவரியில் தந்தை காலமானார். ஒரே மகள் இருந்தும், மாளிகை அவருடைய சகோதரருக்குச் சென்றது. மகள் பெண்ணாய்ப் பிறந்ததே குற்றம்! அதே வருஷத்தில்தான் இங்கிலாந்தில் ஸ்திரீகளுக்கு ஆண்களுக்குச் சமமான வோட்டுரிமை கிடைத்தது. வோட்டு வந்தது, வீடு வரவில்லை. நாவலின் கையெழுத்துப் பிரதி பின்னர் நோல் மாளிகையையே சென்றடைந்தது.

அது பழங்கதையாயிற்றே என்போர் ஒரு சங்கதி கேட்க வேண்டும். 2004-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, பால் மாறி வாழ்வோரைச் சட்டப்படி அங்கீகரிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் 16-வது பிரிவு சொல்வதென்ன? பிரபுப் பட்டங்களும், அவற்றோடு சேர்ந்து வரும் ஆஸ்தியும் யாரைச் சேரவேண்டும் என்பதை இந்த அங்கீகாரம் பாதிக்காது என்பதே. 76 ஆண்டுகளுக்கு முன் உல்ஃப் அம்மையார் கேலி செய்த அதே இடத்தில் சட்டம் பூட்டுப் போட்டது!

அந்தப் பார்லிமெண்டின் கீழ் நம்மை ஆண்டவர்கள் இங்கே செய்ததையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம் ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. அதன்படி பதிவேட்டில் ஏறியவர் உயில் எழுதலாகாது, தானம் கொடுக்கலாகாது, பிள்ளை தத்து எடுக்கலாகாது, மைனருக்குக் கார்டியனாகவும் இருத்தலாகாது. ஆர்லாண்டோவுக்கு நேர்ந்தது இதுவேயன்றோ? ஆனால் அவளுக்கு மாளிகையும் வக்கீல்களும் இருந்தனர். இவர்களுக்கோ யார் இருந்தார்? ஒவ்வொருவரும் தம் பாலைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று நமது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க 2014 ஏப்ரல் 15-ந் தேதி வரை ஆயிற்று.

நாவலின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஆர்லாண்டோவின் துணிவுக்குப் பின்னால் செல்வம் எப்போதும் நிற்கிறது. பிச்சையெடுக்கும் நிலையை அவள் அறியாள். முதற் பக்கத்திலேயே, முன்னோர் கொன்று கொணர்ந்த ஒரு மூரின் தலை உத்திரத்தில் தொங்க, அதை அவன் வாளால் வீசி விளையாடுகிறான். அத்தலைக்குரியவன் யாரென்று நூல் கேட்கவேயில்லை. நாம் கேட்காமல் அப்பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஆயினும் புஸ்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆங்கிலம் அறிந்த நண்பர்கள், ஆரம்பத்து வர்ணனைகள் அலுப்புத் தட்டினால், நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, கப்பலில் அவள் கணுக்காலைக் கண்ட மாலுமி பாய்மரத்திலிருந்து விழப்போகும் இடத்திலிருந்து தொடங்கலாம். வழக்கு அதற்குச் சில பக்கங்கள் தள்ளி வருகிறது.